வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ விவாகரத்துச் சம்மன் சேர்ப்பது எப்படி?

முதல் வாய்தாவுக்குப் போனபோது என் கையில் கூரியர் ரசீது இருந்தது. ஜெர்மனியில் இருந்த என் கணவர் தானே கையெழுத்துப் போட்டு உறையை வாங்கியிருந்தார். அந்தக் கையெழுத்தின் படத்தைக்கூட அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ரசீதைப் பார்த்துவிட்டு நீதிமன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "அந்த நாடு தபாலில் அனுப்புவதை ஏற்கிறதா?" எனக்குத் தெரியவில்லை. என் வக்கீலுக்கும் தெரியவில்லை. ஏற்பதில்லை என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. அதற்குள் ஐந்து மாதம் போயிருந்தது.

இரண்டாவது முறை அனுப்பிய கட்டு ஆள் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறைதான் சேர்ந்தது. மொத்தம் ஒரு வருடம். வழக்கே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. உங்களுக்கு அந்த ஒரு வருடமாவது மிஞ்சட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஒவ்வொரு நாட்டு நீதிமன்றத்துக்கும் தனி விதிகள் உண்டு என்பதால் எங்கும் பொதுவான பகுதியை மட்டும் சொல்கிறேன். ஜெர்மனி வரும் இடங்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மனையும் மனு நகலையும் எதிர்த் தரப்பிடம் சட்டப்படி சேர்ப்பதைச் "சார்பு செய்வது" என்பார்கள். நம் மனசுக்கு, அவருக்கு விஷயம் தெரிந்தால் போதும் என்று தோன்றும். நீதிமன்றத்துக்கு அது போதாது. அவர் இருக்கும் நாடு அனுமதிக்கும் வழியில் போனதா, போனதற்கு ஏற்கத்தக்க காகிதம் இருக்கிறதா, இந்த இரண்டையும்தான் பார்க்கும். வாட்ஸப்பில் நீல டிக் விழுந்திருக்கிறது என்று காட்டிப் பயனில்லை.

1. அனுப்பாமலே முடியுமா என்று முதலில் பாருங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதிர்த் தரப்பு ஒத்துழைக்கும் மனநிலையில் இருந்தால், வழக்கு நடக்கும் நாட்டிலேயே அவர் ஒரு வக்கீலை வைத்து ஆஜராகலாம். அந்த வக்கீல் கட்சிக்காரர் சார்பில் சம்மனைப் பெற்றுக்கொண்டால் எதையும் நாடு தாண்டி அனுப்ப வேண்டியதே இல்லை. இதற்கு ஆகும் செலவு, கீழே சொல்லப்போகும் மொழிபெயர்ப்புச் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு.

சில நீதிமன்றங்களில் "சம்மன் பெற்றுக்கொண்டேன், முறைப்படி சார்பு செய்யத் தேவையில்லை" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தாலும் போதும். ஆனால் அதை வெள்ளைத் தாளில் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லாதீர்கள். எந்தப் படிவம், நோட்டரி முன்னாலா தூதரகத்திலா, அசல் தேவையா, இதையெல்லாம் முன்கூட்டியே நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். நோட்டரி முன்னால் போடும் கையெழுத்துக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு தரும் சான்றொப்பம், கேட்கலாம்.

அவர் உங்கள் நாட்டுக்கு வரப்போகிறார் என்றால் அப்போது உள்ளூர் முறையிலேயே சார்பு செய்துவிடலாம். ஆனால் பொய் சொல்லி வரவழைத்துக் கையில் திணிக்கும் யோசனை வேண்டாம். அப்படிச் செய்ததைச் செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிட வாய்ப்பு உண்டு.

2. அவர் இருக்கும் நாடு ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

1965ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. நீதிமன்றக் காகிதங்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டில் சார்பு செய்வதற்கென்றே போடப்பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. உங்கள் நாடும் அவர் இருக்கும் நாடும் இரண்டுமே அதில் இருந்தால்தான் அந்த வழி திறக்கும்.

இந்த ஒப்பந்தத்தை உருவாக்கிய ஹேக் மாநாடு என்ற அமைப்பின் இணையதளத்தில் நாடுவாரியாக ஒரு பக்கம் உண்டு. சம்மனை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது, எந்த மொழியில், கட்டணம் உண்டா, எந்தெந்த வழிகளுக்கு ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வக்கீலிடம் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம். குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல்களில் பலருக்கு இது வருடத்துக்கு ஒருமுறைகூட வராத வேலை. பழைய கட்டுரைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். சிங்கப்பூரில் ஒப்பந்தம் அமலுக்கு வந்ததே 2023 டிசம்பர் 1ஆம் தேதிதான். அதற்கு முன் எழுதப்பட்டவை அந்த நாட்டை வெளியேதான் வைத்திருக்கும்.

அந்தப் பக்கத்தில் இரண்டு இடங்களைக் கவனமாகப் படியுங்கள்.

ஒன்று பத்தாவது பிரிவு. தபாலில் நேரடியாக அனுப்புவதும், அங்குள்ள நீதிமன்ற ஊழியர் மூலம் நேரே சார்பு செய்வதும் இதில் வரும். ஆனால் நாடுகள் இதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஜெர்மனி, இந்தியா, சீனா, சுவிட்சர்லாந்து எல்லாம் தபாலுக்கு ஆட்சேபம் சொன்னவை. ஜப்பான் 2018இல் சொன்னது. அமெரிக்கா சொல்லவில்லை. எனக்கு ஐந்து மாதத்தைத் தின்ற பிரிவு இதுதான்.

இரண்டு, எட்டாவது பிரிவு. தூதரகம் மூலம் சார்பு செய்வது. ஜெர்மனியும் இந்தியாவும் இதை ஒரு நிபந்தனையோடு மட்டும் விடுகின்றன: சம்மனைப் பெறுபவர் அனுப்பும் நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். உங்கள் கணவரோ மனைவியோ இன்னும் உங்கள் நாட்டுக் கடவுச்சீட்டையே வைத்திருந்தால் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். குடியுரிமை மாறிவிட்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

மற்ற எல்லோருக்கும் ராஜபாட்டை ஒன்றுதான். அந்த நாடு நியமித்திருக்கும் மத்திய அதிகார அமைப்புக்கு அனுப்புவது. இந்தியாவுக்கு என்றால் புது தில்லியில் சட்ட அமைச்சகம். ஜெர்மனியில் மாநிலத்துக்கு ஒன்று, எனவே அவர் குடியிருக்கும் மாநிலம் எது என்று பார்த்து அனுப்ப வேண்டும்.

இருவருமே ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருந்தால் ஹேக் படிவம் வேண்டாம். 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஒன்றியத்தின் சொந்த விதிமுறை பொருந்தும். அதில் ஒரு கண்ணி: தனக்குத் தெரியாத மொழியில், மொழிபெயர்ப்பு இல்லாமல் வந்த காகிதத்தை இரண்டு வாரத்துக்குள் அவர் மறுத்துத் திருப்பிவிடலாம்.

3. முகவரியும் பெயரும்

என் இரண்டாவது முயற்சி விழுந்த இடம் இது. முகவரி சரி. தெரு சரி, வீட்டு எண் சரி, அஞ்சல் குறியீடு சரி. "மேற்படி நபர் இந்த முகவரியில் இல்லை" என்று எழுதித் திருப்பியிருந்தார்கள். ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று எனக்கு நிச்சயம். கடைசியில் பக்கத்து ஊரில் படித்துக்கொண்டிருந்த என் அத்தை மகனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். தெருவில் நின்றபடியே போன் செய்தான். "அக்கா, வாசல்ல பன்னிரண்டு காலிங் பெல் இருக்கு, ஒண்ணுலகூட மாமா பேர் இல்லை. மூணாவது பெல்லுல அவங்க அப்பா பேர்தான் இருக்கு."

அங்கே அடுக்குமாடிகளில் கதவு எண் போட்டு முகவரி எழுதும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். கல்யாணச் சான்றிதழில் முன்னெழுத்தோடு இருந்த பெயர், கடவுச்சீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி விரிந்திருந்தது. மனுவில் நான் கல்யாணச் சான்றிதழில் இருந்தபடி எழுதியிருந்தேன். மூன்றாவது முறை, கடவுச்சீட்டுப் பெயரை முதலில் போட்டு, "என்றும் அழைக்கப்படுபவர்" என்று இன்னொரு பெயரையும் சேர்த்தோம்.

ஆகவே பெயர் எத்தனை விதமாக எழுதப்படுகிறதோ அத்தனையும் மனுவிலேயே இருக்கட்டும். சம்மன், மனு, விண்ணப்பப் படிவம், மொழிபெயர்ப்பு நான்கிலும் எழுத்து மாறாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் முகவரியையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் வீடு மாறியிருப்பாரோ என்று சந்தேகம் இருந்தால் கட்டு போவதற்கு முன்னாலேயே சரிபாருங்கள். ஜெர்மனியைப் போல் குடியிருப்புப் பதிவேடு உள்ள நாடுகளில், பழைய முகவரியோ பிறந்த தேதியோ கொடுத்து, சிறு கட்டணம் கட்டி இப்போதைய முகவரியைக் கேட்டு வாங்கலாம்.

4. கட்டில் என்னென்ன வைப்பது

ஒப்பந்தத்தோடு மாதிரிப் படிவம் இருக்கிறது. விண்ணப்பம், சார்பு ஆனதற்கான சான்றிதழ், ஆவணத்தின் சுருக்கம் என்று மூன்று பகுதி. சான்றிதழ்ப் பகுதியை அங்கே நிரப்புவார்கள், நீங்கள் கைவைக்க வேண்டாம். அச்சடித்த வாசகங்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். காலி இடங்களை அந்த இரண்டு மொழிகளிலோ பெறும் நாட்டின் மொழியிலோ நிரப்பலாம்.

உறைக்குள் போக வேண்டியவை: விண்ணப்பம், சுருக்கம், சம்மன், விவாகரத்து மனு, மனுவோடு சேர்த்தே தர வேண்டிய இணைப்புகள், இவற்றின் மொழிபெயர்ப்பு. எல்லாமே இரண்டு பிரதி. ஒன்று அவருக்கு, ஒன்று சான்றிதழோடு திரும்பி வரும். மூன்றாவது பிரதி ஒன்றை உங்கள் வீட்டில் வையுங்கள். எங்கள் இரண்டாவது கட்டு திரும்பியபோது அதிலிருந்த ஒரு பிரதியைக் காணவில்லை. வீட்டுப் பிரதி இருந்ததால் பிழைத்தேன்.

படிவத்தில் எப்படிச் சார்பு செய்ய வேண்டும் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம், அந்த நாட்டு உள்நாட்டுச் சட்டப்படி முறையாக. இரண்டாவது, நீங்கள் கேட்கும் குறிப்பிட்ட முறையில். மூன்றாவது, அவர் விரும்பி வாங்கிக்கொண்டால் கொடுப்பது. மூன்றாவதைத் தேர்ந்தால் சில நாடுகளில் மொழிபெயர்ப்பு இல்லாமலே போகலாம். ஆனால் அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் கட்டு அப்படியே திரும்பிவிடும். சண்டையில் இருக்கும் தம்பதிக்கு முதல் கட்டம்தான் சரி என்பது என் கருத்து.

இரண்டு இடத்தில் பணமும் நேரமும் வீணாகும். விண்ணப்பத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் செல்லாது. உங்கள் நாட்டுச் சட்டப்படி அதிகாரம் உள்ள நீதிமன்றமோ அலுவலரோதான் அனுப்ப வேண்டும். அமெரிக்கா போன்ற சில இடங்களில் வழக்கை நடத்தும் வக்கீலுக்கே அந்த அதிகாரம் உண்டு. இன்னொன்று, அப்போஸ்டில். இந்த வழியில் போகும் காகிதங்களுக்கு அந்த மாதிரி சான்றொப்பம் எதுவும் தேவையில்லை என்று ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவே சொல்கிறது. தெரியாமல் நான் எல்லாவற்றுக்கும் முத்திரை வாங்க இரண்டு வாரம் அலைந்தேன்.

5. மொழிபெயர்ப்பு, அதாவது செலவு

எனக்கு ஆன மொத்தச் செலவில் முக்கால்வாசி இதற்குப் போனது. முறைப்படி சார்பு செய்ய ஜெர்மனிக்கு எல்லாமே ஜெர்மன் மொழியில் வேண்டும். இந்தியாவுக்கு ஆங்கிலம் போதும். அவருக்கு உங்கள் மொழி நன்றாகத் தெரியும் என்ற வாதம் மத்திய அதிகார அமைப்பிடம் எடுபடாது.

முதல் தடவை என் மனுவோடு அறுபது பக்கத்துக்கு வாட்ஸப் உரையாடல்களை இணைத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் பக்கக் கணக்குச் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது. அவற்றைப் பின்னால் சாட்சிய நிலையில் தாக்கல் செய்யலாம் என்றார் வக்கீல். மனுவோடு கட்டாயம் போக வேண்டியது கல்யாணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும்தான் என்று தெரிந்தது. கட்டு பதினெட்டுப் பக்கமாக இளைத்தது. இதை மனு தாக்கல் செய்வதற்கு முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள். நீதிமன்றப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

மற்றச் செலவுகள் சிறியவை. ஒப்பந்தப்படி சார்பு செய்வதற்கென்று அந்த நாடு கட்டணம் கேட்கக்கூடாது. நீதிமன்ற அலுவலரை அமர்த்தியதற்கும் நீங்கள் கேட்ட தனி முறைக்கும் ஆன செலவை மட்டும் வாங்கலாம். அமெரிக்காவில் இந்த வேலையைத் தனியார் ஒப்பந்ததாரரிடம் விட்டிருக்கிறார்கள், நான் பார்த்தபோது ஒரு ஆளுக்கு 95 டாலர். ஜெர்மனிக்கு நான் தனியாக எதுவும் கட்டவில்லை.

6. வாய்தா தேதியைத் தள்ளிக் கேளுங்கள்

சம்மனில் "இந்தத் தேதியில் ஆஜராக வேண்டும்" என்று ஆறு வாரத்தில் ஒரு தேதி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காகிதம் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தேதி முடிந்துவிடும். காலாவதியான சம்மனைச் சார்பு செய்து என்ன பயன்? எதிர்த் தரப்பு வெளிநாட்டில் இருக்கிறார், ஒப்பந்த வழியில் போகிறது என்று சொல்லி, குறைந்தது ஆறு மாதம் தள்ளித் தேதி கேளுங்கள். இந்தியா மாதிரி கட்டு கைமாறிக் கைமாறி மாவட்ட நீதிமன்றம் வரை போக வேண்டிய நாடாக இருந்தால் இன்னும் கூடுதலாக.

மனு தாக்கலான நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் சார்பு செய்யவேண்டும் என்ற கெடு உங்கள் நீதிமன்றத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கெடு முடியும் முன்பே நீட்டிப்பு மனு போட வேண்டும்.

7. காத்திருக்கும்போது

கட்டு போன தேதி, கண்காணிப்பு எண், யாருக்கு அனுப்பியது எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். மாதம் ஒருமுறை நீதிமன்ற அலுவலகம் வழியாகவோ வக்கீல் வழியாகவோ மின்னஞ்சலில் விசாரியுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டதற்குச் சாட்சி வேண்டும். காரணம் பதினைந்தாவது பிரிவு. ஒப்பந்த வழியில் அனுப்பி, குறைந்தது ஆறு மாதம் கடந்து, எல்லா நியாயமான முயற்சியும் செய்தும் எந்தச் சான்றிதழும் வரவில்லை என்றால், நீதிபதி வழக்கை மேலே கொண்டுபோகலாம். உங்கள் நாடு அதற்கான அறிவிப்பைச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த "முயற்சி"க்குச் சாட்சி உங்கள் மின்னஞ்சல்கள்தான்.

அவர் வாங்க மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படாதீர்கள். முறைப்படி போகும்போது பல நாடுகளில் மறுப்பு பலிக்காது. ஜெர்மனியில் தபால்காரர் மஞ்சள் உறையோடு வருவார். ஆள் இல்லாவிட்டால் தபால்பெட்டியில் போட்டு, உறையின் மேல் தேதி எழுதிவிட்டுப் போவார். சார்பு ஆகிவிட்டது.

8. சான்றிதழ் வந்ததும்

அது உங்கள் வீட்டுக்கு வராது, அனுப்பிய அலுவலகத்துக்குத்தான் வரும். என்னுடையது நான்கு மாதத்தில் வந்து, நீதிமன்ற அலுவலகத்தில் வேறொரு கோப்புக்குள் மூன்று வாரம் தூங்கியது. போய்க் கேட்டதால் கிடைத்தது.

கையில் வாங்கியதும் பெயர், இடம், தேதி, எந்த முறை, யார் வாங்கினார், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா பாருங்கள். சார்பு ஆகவில்லை என்ற பகுதி நிரப்பப்பட்டிருந்தால் காரணத்தை மொழிபெயர்த்துப் படியுங்கள். அடுத்த முயற்சியை அதுதான் தீர்மானிக்கும். சார்பு ஆகியிருந்தால் பதில் தாக்கல் செய்ய அவருக்கு உள்ள கெடு பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்து ஓடும். கெடு முடிந்தும் அவர் வராவிட்டால்தான் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது அவர் இல்லாமலே தரும் தீர்ப்பு, கேட்க முடியும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் வாங்கிய தீர்ப்பைப் பின்னால் அவர் உடைக்கலாம். நீங்கள் மறுமணம் செய்திருந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள்.

9. நாடு ஒப்பந்தத்தில் இல்லை, அல்லது முகவரியே தெரியவில்லை

ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் உங்கள் நீதிமன்றம் அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு எழுதும் வேண்டுகோள் கடிதம்தான் பெரும்பாலும் வழி. இரண்டு நாட்டு வெளியுறவு அமைச்சகங்கள் வழியாக ஊர்ந்து போகும். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். கட்டணமும் கடிக்கும்: அமெரிக்க நீதிமன்றத்திலிருந்து அனுப்ப வெளியுறவுத்துறை மட்டுமே 2,275 டாலர் வாங்குகிறது. இரண்டு நாட்டுக்கும் நடுவே தனி உடன்படிக்கை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

முகவரி தெரியாவிட்டால் ஹேக் ஒப்பந்தம் பொருந்தவே பொருந்தாது. பத்திரிகை விளம்பரம், மின்னஞ்சல், சமூக வலைத்தளம் என்று மாற்று வழிக்கு நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும். தேடினேன் என்று வாயால் சொன்னால் போதாது. உறவினர்களுக்கு எழுதிய கடிதம், கடைசியாக வேலை செய்த இடத்தில் விசாரித்தது, பதிவேட்டில் கேட்டதற்கு வந்த பதில் என்று தேதியோடு பிரமாண வாக்குமூலத்தில் வைக்க வேண்டும். முகவரி தெரிந்துகொண்டே தெரியாது என்று எழுதிவிடலாம் என்ற ஆலோசனை எனக்கும் வந்தது. ஒரு காலத்திலும் செய்யாதீர்கள்.

10. மனுவைத் திருத்தும் முன்

ஒருமுறை சார்பு ஆனபின் அவர் ஆஜராகிவிட்டால், அடுத்தடுத்த காகிதங்கள் அவர் வக்கீலுக்கே போய்விடும். ஆஜராகாதவருக்கு, மனுவில் புதிதாக ஒரு கோரிக்கை சேர்த்தாலும் திருத்திய மனுவை மறுபடி சார்பு செய்யச் சொல்லலாம். ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, நகை, கூட்டுக் கணக்கு என்று எது கேட்பதானாலும் கட்டு கிளம்பும் முன்பே மனுவில் எழுதிவிடுங்கள். சீர்ப்பொருள் பட்டியலை நான் மறந்துபோய், சான்றிதழ் வந்த வாரத்தில் வக்கீலிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "சேர்க்கலாம்மா, மறுபடி ஜெர்மனிக்கு அனுப்பணும்" என்றார். அதைத் தனி மனுவாகப் போட்டுக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.